93 டிகிரியில் நின்ற ரொட்டி: கொடைக்கானலில் ஒரு கிறிஸ்துமஸ் பேக்கிங், நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 டிசம்பரில் கொடைக்கானலில் ஒரு வீட்டில் நடந்தது இது. வீட்டுக்காரர்கள் மதுரையிலிருந்து அந்த ஆண்டு நடுவில்தான் வேலை மாற்றலாகி மேலே போனவர்கள். மனைவி என்னிடம் வார இறுதி பேக்கிங் வகுப்பில் படித்தவர். மதுரையில் இருந்தவரை பூண்டும் ரோஸ்மேரியும் போட்ட கார ரொட்டியை மாதம் இரண்டு முறையாவது சுடுவார். நன்றாகவே வரும். அந்தத் துணிச்சலில், கிறிஸ்துமஸுக்கு 12 ரொட்டிகள் சுட்டுத் தருவதாகப் பலரிடம் சொல்லிவிட்டார். அன்பியத்துக் (பங்குக் கோவிலின் அக்கம்பக்கத்துக் குழு) குடும்பங்களுக்கு ஏழு, மதுரையிலிருந்து வரும் உறவினர்களுக்கு மூன்று, வீட்டுக்கு இரண்டு என்பது கணக்கு.

மதுரையில் அவர் கையாண்ட அளவு, ஒரு ரொட்டிக்கு: மைதா 500 கிராம், தண்ணீர் 320 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பு 10 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த ரோஸ்மேரி ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பச்சைப் பூண்டு நான்கு பல். ஒரு மணி நேரம் உப்ப விட்டு, டின்னில் போட்டு, மறுபடி முக்கால் மணி நேரம் வைத்து, ஓடிஜியில் (வீட்டுச் சின்ன மின்சார அவன்) 200 டிகிரியில் 35 நிமிடம். ரொட்டியின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 96 டிகிரி காட்ட வேண்டும். இந்த 96 நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. இந்தக் கதையில் அதிகம் படுத்தியதும் அதுதான்.

அதே ஓடிஜி, அதே தெர்மாமீட்டர், அதே மைதா மேலே போயின. மாறியவை மூன்று. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டரில். டிசம்பர் இரவில் அங்கே வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். மூன்றாவது, பூண்டு. அங்கே கைக்கு எட்டும் தூரத்தில் கிடைப்பது 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு. மணமும் காரமும் தூக்கலாக இருக்கும். 'நம்ம ஊர்ப் பூண்டாச்சே' என்று நான்கு பல்லை அவர் 12 பல் ஆக்கிக்கொண்டார். ரோஸ்மேரியும் தோட்டத்திலிருந்து பச்சையாகக் கிடைத்தது. பச்சை இலை என்றால் காய்ந்ததைவிட மூன்று மடங்கு போடலாம், அதில் ஒன்றும் சிக்கல் வரவில்லை.

டிசம்பர் 19: முதல் முயற்சி

காலை ஏழு மணிக்குக் குழாய்த் தண்ணீரில் மாவு பிசைந்திருக்கிறார். எட்டு மணிக்குப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கிறது. பத்து மணிக்குக் கொஞ்சம் அசைந்ததாகத் தெரிந்ததும் பொறுமை இழந்து சுட்டுவிட்டார். வந்தது செங்கல். மதியம் எனக்குப் போன்.

"அக்கா, மாவு கல்லு மாதிரி கெடக்கு. ஈஸ்ட் செத்துப்போச்சு போல."

இந்த முடிவுக்குத்தான் எல்லோரும் முதலில் போவோம். கடையில் புது பாக்கெட் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட்டும் போட்டு வைத்தார். பத்து நிமிடத்தில் நுரைத்து மேலே வந்தது. ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது.

அடுப்படியின் வெப்பத்தை அளக்கச் சொன்னேன். 13 டிகிரி. இட்லி மாவுக்கே கம்பளி போர்த்துகிற ஊரில், ரொட்டி மாவு ஒரு மணி நேரத்தில் பொங்கும் என்று எதிர்பார்த்தது தவறு. குளிர்தான் காரணம் என்று அன்றைக்கு முடிவு செய்தோம். அது பாதிதான் உண்மை என்பது மறுநாள் தெரிந்தது.

டிசம்பர் 20: மாவை இரண்டாகப் பிரித்தது

இந்த முறை வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, ஓடிஜியை அணைத்த நிலையிலேயே உள்ளே ஒரு பாத்திரம் கொதிநீர் வைத்து, பக்கத்தில் மாவை வைக்கச் சொன்னேன். உள்ளே 28 டிகிரி கிடைத்தது. கூடவே இன்னொன்றும் சொன்னேன்: மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் பூண்டு சேர்க்க வேண்டும். பூண்டின் மீது எனக்குச் சந்தேகம் இருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், அவர் '12 பல்' என்று சொன்னதும் அளவு கூடிவிட்டதே என்றுதான் தோன்றியது.

பூண்டு சேர்க்காத பாதி ஒரு மணி பத்து நிமிடத்தில் இரட்டிப்பானது. பூண்டு சேர்த்த பாதி இரண்டு மணி நேரம் ஆகியும் ஒன்றரை மடங்கைத் தாண்டவில்லை. தொட்டால் கையோடு இழுபட்டது, பிசைந்தபோது இருந்த இறுக்கம் போயிருந்தது.

பூண்டை நறுக்கும்போதோ நசுக்கும்போதோ அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து அல்லிசின் உண்டாகிறது. பச்சைப் பூண்டின் காரமும் வாடையும் அதிலிருந்து வருபவை. கிருமிகளை அடக்கும் அதே குணம் ஈஸ்ட்டையும் அடக்கும். மாவில் பசையைக் கட்டிவைக்கும் புரதப் பிணைப்புகளையும் தளர்த்திவிடும். மதுரையில் நான்கு பல், 30 டிகிரி சூட்டில் தெரியாமல் போனது. இங்கே 12 பல்லும் குளிரும் சேர்ந்துகொண்டன.

பூண்டைக் குறைப்பதா என்று கேட்டேன். அவருக்கு மனமில்லை, கிறிஸ்துமஸ் ரொட்டி மலைப்பூண்டு மணக்க வேண்டுமாம். சரி, நொதியைக் கொன்றுவிடலாம் என்று வழி பார்த்தோம். பற்களை உரித்து, நசுக்காமல் முழுசாக இட்லிப் பானையில் 15 நிமிடம் ஆவியில் வைத்து, வெந்த பிறகு மசிப்பது. நசுங்கும் முன்பே சூடு ஏறினால் நொதி செயலிழந்துவிடும், அல்லிசின் உண்டாகாது. காரம் போய் இனிப்பு கலந்த மணம் வரும். ரொட்டிக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். அவருக்கு இன்னும் அதில் முழுச் சம்மதம் இல்லை.

டிசம்பர் 21: 70 நிமிடம்

வேகவைத்த பூண்டோடு மாவு அழகாகப் பொங்கியது. 35 நிமிடம் கழித்து நடுவில் தெர்மாமீட்டர் குத்தினார். 91 டிகிரி. இன்னும் ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தார், 92. மேலும் பத்து நிமிடம், 93. அதற்கப்புறம் முள் அசையவே இல்லை.

"93லயே நிக்குது அக்கா. எடுத்துரவா?"

இங்கே தவறு என்னுடையது. எடுக்காதே என்றேன். உள்ளே வேகாத ரொட்டியை யாருக்கும் கொடுக்க முடியாது, 96 வரும்வரை விடு, மேலே கறுத்தால் அலுமினியம் தாளால் மூடு என்றேன். தெர்மாமீட்டரில்தான் கோளாறு இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னேன் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. கருவி கெட்டிருந்தால் அது காட்டும் 96க்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

70ஆவது நிமிடத்தில் அவரே வெளியே எடுத்துவிட்டார். மேலோடு விரல் தடிமனுக்கு இறுகியிருந்தது. மேலே தூவிய ரோஸ்மேரி கருகிக் கசந்தது. உள்ளே ரஸ்க் போல் வறட்சி. போட்டோவில் பார்த்தபோதே அது வேகாத ரொட்டி இல்லை, வெந்து தீர்ந்த ரொட்டி என்று தெரிந்தது.

டிசம்பர் 22: பருப்பு சொன்ன விடை

மறுநாள் வெள்ளிக்கிழமை வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் மேலே போனேன். போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டியும் அடுப்படியில் இருந்தார். மூன்று நாள் கதையையும் கேட்டுவிட்டு அவர் சாதாரணமாகச் சொன்னது இது:

"ஏம்மா, இங்க குக்கர் இல்லாம பருப்பே வேகாது. தண்ணி கொதிக்கும், ஆனா சூடு இருக்காது."

அப்படியே தண்ணீர் கொதிக்கவைத்துத் தெர்மாமீட்டரை விட்டோம். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் 93.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. 2,100 மீட்டரில் அது 93 டிகிரிதான். ரொட்டியின் உள்பகுதி ஈரமாக இருக்கும்வரை, அதிலுள்ள தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டி அது ஏறாது. ஓடிஜி 200 டிகிரியில் இருந்தாலும் இதுதான் நிலைமை. ஆக, அந்த வீட்டில் 96 டிகிரிக்குக் காத்திருப்பது ரொட்டியில் உள்ள தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போவதற்குக் காத்திருப்பது. தெர்மாமீட்டர் முதல் நாளிலிருந்து சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பாட்டிக்கு இதெல்லாம் செய்தியே இல்லை. பள்ளியில் இயற்பியல் படித்த எங்கள் இருவருக்கும் அது நினைவுக்கு வராததுதான் செய்தி. பருப்புக்குப் பொருந்துவது ரொட்டிக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. சுடுவது வேறு, வேகவைப்பது வேறு என்று மனத்தில் பிரித்து வைத்திருக்கிறோம். ரொட்டியின் உள்ளே நடப்பது வேகவைப்பதுதான்.

கீழே 96 என்பது கொதிநிலைக்கு நான்கு டிகிரி குறைவு. அதே இடைவெளியை இங்கே வைத்தால் 89. மாவுச்சத்து வெந்து, புரதம் இறுகி, ரொட்டி நிலைபெறுவதெல்லாம் 80 டிகிரியை ஒட்டியே முடிந்துவிடுவதால், 89இல் பச்சை மாவு இருக்கும் என்ற பயம் தேவையில்லை. அன்று மாலையே ஒரு சிறு ரொட்டி சுட்டு 89இல் எடுத்தோம். 34 நிமிடம் ஆனது. ஆறவிட்டு அறுத்தபோது மென்மையாக, ஈரம் சரியாக இருந்தது.

எண்ணெய் பாட்டில்கள்

அதே நாள் அடுப்படி அலமாரியில் எட்டுச் சின்ன பாட்டில்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்தேன். ஆலிவ் எண்ணெயில் பச்சைப் பூண்டும் ரோஸ்மேரித் தண்டும் போட்டு 20ஆம் தேதியே தயார் செய்து வைத்திருக்கிறார். ரொட்டியோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாட்டில், தொட்டுச் சாப்பிட. ரிப்பன் கூடக் கட்டியாகிவிட்டது.

கொட்டிவிடலாம் என்றேன். ரொட்டி கெட்டதைவிட இதற்குத்தான் அவர் முகம் வாடியது. நியாயமான கேள்வியும் கேட்டார்.

"ஊறுகாயிலயும் எண்ணெயும் பூண்டும்தானே அக்கா இருக்கு?"

ஊறுகாயில் உப்பும் புளிப்பும் இருக்கின்றன. எலுமிச்சையோ புளியோ வினிகரோ சேர்ந்து, அடுப்பில் வதங்கி வருகிறது. இந்தப் பாட்டிலில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. மண்ணில் விளையும் பூண்டில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். காற்றுப் புகாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடம் கிடைத்தால் அவை முளைத்து நச்சு உண்டாக்கும். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டு அப்படிப்பட்ட இடம். நச்சு இருந்தாலும் வாடை மாறாது, நிறம் மாறாது. நரம்பு மண்டலத்தைத் தாக்கி மூச்சுத் தசைகளை முடக்கக்கூடியது. இத்தகைய எண்ணெயை அன்றன்றைக்குச் செய்து தீர்க்க வேண்டும், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மூன்று நான்கு நாளுக்குமேல் வைக்கக் கூடாது. வாங்குகிறவர்கள் எத்தனை நாள் அலமாரியில் வைப்பார்களோ, யாருக்குத் தெரியும்?

அடுப்படியின் குளிரில் இரண்டு நாளில் ஒன்றும் ஆகியிருக்காது என்று வாதாடலாம். ஆனால் கொடுத்துவிட்ட பாட்டிலைத் திரும்ப வாங்க முடியாது. எட்டையும் கொட்டினோம். பதிலுக்கு, ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் ஒரு ரோஸ்மேரித் தண்டை நூலால் கட்டிக் கொடுப்பது என்று முடிவானது.

டிசம்பர் 23, 24: பன்னிரண்டு ரொட்டி

மாவை வெதுவெதுப்பில் வைத்து அவசரப்படுத்துவதா, குளிரிலேயே விடுவதா என்பது அடுத்த கேள்வி. 12 ரொட்டி என்றால் பத்துக் கிலோவுக்கு மேல் மாவு. அதை ஓடிஜிக்குள் வைக்க இடம் கிடையாது. அப்புறம், உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் உண்டாகும் வாயு சுலபமாக விரியும். சூடும் சேர்ந்தால் மாவு வேகமாகப் பொங்கி, மணம் சேரும் முன்பே அளவு தாண்டிவிடும்.

எனவே குளிரையே வேலைக்கு வைத்துக்கொண்டோம். 23ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு மூன்று பெரிய சட்டிகளில் பிசைந்தோம். ஈஸ்ட்டை ரொட்டிக்கு 5 கிராமிலிருந்து 4 கிராமாகக் குறைத்தோம். பூண்டு வேகவைத்து மசித்தது. ரோஸ்மேரியை மேலே தூவாமல் பொடியாக நறுக்கி மாவுக்குள்ளேயே சேர்த்தோம், எண்ணெயில் பிரட்டி. சட்டிகளைத் தட்டால் மூடி அடுப்படி மூலையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனோம். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்த்து முடிவு செய்வது என்று பேச்சு. காலை ஆறரைக்கு இரட்டிப்புக்குச் சற்றே குறைவாக இருந்தது. அதுபோதும் என்று எடுத்தோம்.

எட்டரை மணிக்கு முதல் ஈடு. ஓடிஜியில் ஒரு நேரத்தில் இரண்டு டின்தான் போகும், ஆக ஆறு ஈடு. முதல் ஐந்தும் பிசகாமல் வந்தன. 34 முதல் 38 நிமிடம், நடுவில் 89 அல்லது 90. காத்திருக்கும் டின்களைக் குளிர்ந்த தாழ்வாரத்தில் வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தினோம்.

மதியம் ஒன்றரைக்கு மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது மணி நான்கு. ஆறாவது ஈடு போடும்போது ஐந்தாகிவிட்டது. அந்த நேரம் ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் 190 வோல்ட் காட்டியது. சுற்றுலாக் கூட்டம் நிறைந்த ஊர், மாலையில் ஹீட்டரும் கீசரும் எல்லா விடுதியிலும் ஓடும். 230க்குப் பதில் 190 வோல்ட் என்றால் ஓடிஜி கம்பியின் சூடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கடைசி இரண்டும் வெளுத்துத் தட்டையாக வந்தன. அந்த மாவு தாழ்வாரத்தில் காத்திருந்து அளவுக்கு மேல் பொங்கியும் இருந்தது, எனவே முழுப் பழியையும் மின்சாரத்தின் மீது போட முடியாது.

விளைவு

பத்து ரொட்டிகள் கொடுக்கும் நிலையில் வந்தன. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து கோவில் வாசலிலேயே ஏழு கைமாறின. தட்டையான இரண்டும் வீட்டுக் கணக்கில் சேர்ந்து, கிறிஸ்துமஸ் காலையில் தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டி ஆட்டுக்கறிக் குழம்போடு தீர்ந்தன. மாமனாருக்கு மட்டும் திருப்தி இல்லை. "ரொட்டின்னா இனிக்க வேணாமா? இல்லாட்டி காய்ச்சக்காரனுக்குப் பால்ல நனைச்சுக் குடுக்குறது." ஆனாலும் மூன்று துண்டு சாப்பிட்டார்.

ஒரு குறை பிறகு தெரிந்தது. மதுரைக்குப் போன மூன்றில் ஒன்று மூன்றாம் நாள் பூசணம் பிடித்ததாகச் செய்தி வந்தது. ஐந்தாவது ஈட்டில் எடுத்தது அது. உறவினர்கள் வந்து இறங்கிய அவசரத்தில், சூடு ஆறும் முன்பே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிவிட்டோம். உள்ளே வியர்த்திருக்கிறது. கொடைக்கானல் குளிரில் தாக்குப்பிடித்த ஈரம் மதுரைச் சூட்டில் பூசணமானது. மற்ற இரண்டும் முழுதும் ஆறிய பிறகு தாள்பையில் போனவை, அவற்றைப் பற்றிப் புகார் இல்லை.

மாற்றிக்கொண்டவை

என் வகுப்பில் இப்போது 96 என்று சொல்வதில்லை. முதலில் உன் அடுப்படியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்துகொள், அதிலிருந்து நான்கு டிகிரி கழித்துக்கொள் என்கிறேன். மதுரைக்காரர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரிகிறது. ஏற்காட்டிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் போனில் கேட்பவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை.

பச்சைப் பூண்டு நசுக்கி மாவில் போடுவது நின்றுவிட்டது. பூண்டு எண்ணெயைப் பரிசாகக் கொடுப்பதும் கிடையாது.

அந்த வீட்டில், பண்டிகைக்கு எட்டு ரொட்டிக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எல்லாம் மதியத்துக்குள் முடிகிற கணக்கு. ஓடிஜிக்குள் வைக்கிற தனித் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கியாகிவிட்டது. இருந்திருந்தால் ஆறாவது ஈட்டை அன்றைக்கே நிறுத்தி, மாவைத் தட்டி அடுப்பில் சப்பாத்திபோல் சுட்டிருக்கலாம்.

ஈஸ்ட்டை 4 கிராமாகக் குறைத்தது உதவியதா, இரவு முழுக்கக் குளிரில் விட்டது மட்டுமே போதுமானதாக இருந்ததா என்று அன்றைக்குப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. இரண்டையும் ஒரே இரவில் மாற்றிவிட்டோம். அடுத்த முறை இரண்டு சட்டியில் பிசைந்து, ஒன்றில் 4, இன்னொன்றில் 5 கிராம் போட்டு, சட்டியின் மீது சாக்பீஸால் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.